வெயிலுக்காக மாற்றிய எண்

கோச்சடை
9 ஜூன் 2025

முனீஸ்வரிக்கு,

இரண்டு வருஷமும் மூன்று மாதமும் கழித்து எழுதுகிறேன். நலமா என்று கேட்டுத் தொடங்குவதுதான் முறை. நலம் விசாரிக்கும்படியாக நாம் பிரியவில்லை என்பதால் நேராக விஷயத்துக்கு வருகிறேன். ஃபோன் செய்திருக்கலாம். செய்தால் இரண்டாவது நிமிஷம் சண்டை, மூன்றாவது நிமிஷம் யாராவது ஒருத்தி வைத்துவிடுவாள். எழுதினால் கடைசி வரி வரைக்குமாவது படிப்பாய். உன் ஆபீஸ் முகவரிக்கு அனுப்பவில்லை, பழைய மெயிலுக்குத்தான் அனுப்புகிறேன்.

நம் மென்பொருளுக்குத் 'தாக்கல்' என்று பெயர் வைத்தவள் நீ. தரையில் இருந்துகொண்டு ரோவர் வண்டிக்கும் விண்கலத்துக்கும் சேதி, நம் ஊர்ப் பேச்சில் தாக்கல், சொல்லி விடுவதுதானே இதன் வேலை என்றாய். அதை மங்கோலியாவில் இருபது மாணவர்கள் எடுத்துத் தங்கள் செயற்கைக்கோளில் வைத்திருக்கிறார்கள். செருப்புப் பெட்டி அளவுதான் இருக்கும். போன நவம்பரில் மேலே போய்விட்டது. எனக்குப் போன வாரம்தான் தெரியும். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், எடுத்த இடத்தையும் எழுதியவர் பெயரையும் விட்டுவைத்தால் போதும் என்று நாம்தானே திறந்து போட்டோம். நம்மிடம் சொல்லிவிட்டு எடுக்கவேண்டும் என்று யாருக்கும் கட்டாயமில்லை.

அந்தக் குழுவில் ஓயுனா என்று ஒரு பெண். அவள் எழுதிக் கேட்டாள்: "பேட்டரி ஐம்பத்திரண்டு டிகிரி காட்டுகிறது, அப்போதும் சார்ஜ் ஏறிக்கொண்டே இருக்கிறது, உங்கள் மென்பொருள் தடுக்கவில்லை, இது சரிதானா?" கோப்பைத் திறந்து பார்த்தேன். சார்ஜை நிறுத்தவேண்டிய எல்லை நாற்பத்தைந்து டிகிரி. அந்த இடத்தில் அறுபத்தைந்து என்று இருக்கிறது. மாற்றியவர் முனீஸ்வரி வெ., 14 மே 2022, பகல் 12:40. காரணம் என்ற இடத்தில் ஒரே ஒரு சொல்: வெயில்.

உனக்கு ஞாபகம் இருக்கும். மதுரை வெயிலில் கீழக்குயில்குடிக் கண்மாய் வறண்டு கிடந்தது, அதில் நம் ரோவரை ஓட்டினோம். அன்றைக்குள் போட்டிக்கு வீடியோ எடுத்து அனுப்பவேண்டும். வண்டியோ பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை பேட்டரி சூடு என்று சொல்லி நின்றுகொண்டே இருந்தது. "இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்" என்று நீ எல்லையை ஏற்றினாய். திரும்ப இறக்கவில்லை.

ஜூலை நான்காம் தேதியிலிருந்து ஆறு நாள் அந்தச் செயற்கைக்கோள் பூமியின் நிழலுக்குள் போகவே போகாது. ஆறு நாளும் முழு வெயில். பேட்டரி அறுபதைத் தாண்டும் என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள். அந்தச் சூட்டில் சார்ஜ் ஏறினால் பேட்டரி உப்பி வெடிக்கும், அதோடு முடிந்தது. அதற்குள் பழைய எண்ணை மேலே ஏற்றியாக வேண்டும்.

இங்கே என் கல்லூரி ஆய்வகத்தில் அதே மாதிரி ஒரு போர்டில் ஏற்றிப் பார்த்தேன். ஏழு தடவையில் ஐந்து தடவை ஒழுங்காக ஏறியது. இரண்டு தடவை போர்டு முழுசாக அணைந்துவிட்டது. மேஜை மேல் இருப்பதால் பொத்தானை அமுக்கி உயிர் கொடுத்தேன். மேலே போய் யார் அமுக்குவது? காரணம் பேட்டரிக்குக் காவல் இருக்கும் அந்தச் சின்னச் சிப்புக்குள் இருக்கிறது. அதற்கு நிரல் எழுதியவள் நீ. மூல நிரலை நீ பொதுவில் போடவே இல்லை, சிப்பில் அப்படியே ஏற்றும் வடிவத்தை மட்டும் போட்டாய். திறந்த மென்பொருள் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டோம், அந்த ஒரு துண்டு மட்டும் உன் மடிக்கணினியில் கிடக்கிறது.

எனக்கு வேண்டியது அது. இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பிழை அறிவிப்பு ஒன்று நம் இணையப் பக்கத்தில் போடப்போகிறேன். மாற்றியவர் பெயர் அதில் வரவேண்டும் என்பது நம் விதி. முதுகுக்குப் பின்னால் செய்தாள் என்று நீ சொல்லக்கூடாது, அதனால் முன்கூட்டியே எழுதுகிறேன்.

ஷெரின்


பெங்களூரு
11 ஜூன் 2025

ஷெரின் டீச்சர் அவர்களுக்கு,

கடைசி வரி வரைக்கும் படித்தேன். இரண்டு தடவை படித்தேன், போதுமா?

12:40-க்கு நான் மாற்றினேன் என்று நிமிஷக் கணக்கு சொல்கிறாயே, 12:43-ஐயும் பார்த்திருப்பாய். அங்கே 'படித்தேன், சரி' என்று கையெழுத்துப் போட்டிருப்பவர் ஷெரின் ஆ. ஒருத்தி மாற்றினால் இன்னொருத்தி வரிவரியாகப் படித்துச் சரி சொன்னால்தான் உள்ளே போகும் என்று சட்டம் எழுதினதே நீதான். மாற்றியவர் பெயரை அறிவிப்பில் போடுகிறவள் சரி சொன்னவர் பெயரை எங்கே போடப்போகிறாய்?

காவல் சிப்பின் மூல நிரல் இப்போது இல்லை. ஊரைவிட்டு வரும்போது மடிக்கணினியைத் தம்பி முத்திருளனிடம் கொடுத்தேன். அவன் எல்லாவற்றையும் அழித்துவிட்டுக் கேம் ஏற்றிக்கொண்டான். மிச்சம் இருப்பது என் மண்டைக்குள் இருப்பதுதான்.

அதை உனக்குச் சொல்ல முடியாது. வேலையில் சேரும்போது கையெழுத்துப் போட்ட தாளில் இருக்கிறது: வெளியாருக்கு ஒரு வரி நிரல் எழுதக்கூடாது, யோசனைகூடச் சொல்லக்கூடாது. இங்கே நிலவுக்கு ஒரு ரோவர் போகிறது. அதைத் தரையிலிருந்து ஓட்ட எட்டுப் பேருக்குப் பயிற்சி, அதில் நான்கு பேரைத் தேர்ந்தெடுப்பார்கள். ஜூன் கடைசியில் பட்டியல் வரும். எட்டுப் பேரில் என் ஓட்டம்தான் முதல் இரண்டில் நிற்கிறது. ஷெரின், கண்மாயில் அந்தத் தகர வண்டியை ஓட்டும்போது நான் உன்னிடம் என்ன சொல்வேன் என்று உனக்குத் தெரியும். நிலவு வண்டி ஓட்டுகிற அந்த நாற்காலி இப்போது எனக்குக் கையெட்டும் தூரத்தில் இருக்கிறது.

இந்த நேரத்தில் என் பெயரைப் போட்டு, இவள் வைத்த எண்ணால் ஒரு விண்கலம் அழியப்போகிறது என்று உலகத்துக்கே அறிவிப்பாயா? பெயரை விட்டுவிடு. ஒரு தடவைதான் கேட்பேன்.

இதையும் கேட்கிறேன். நான் கிளம்பின அன்றைக்கே தாக்கலுக்குள் நுழையும் என் உரிமையைப் பிடுங்கினாய். மூன்று வருஷம் இரவு பகலாக எழுதியவளைப் பாதுகாப்புக் காரணம் என்று ஒரு வரி போட்டு வெளியே தள்ளினாய். இப்போது வீட்டுக்குள் குழாய் உடைந்ததும் வெளியே நிற்கிறவளைக் கூப்பிடுகிறாய்.

முனீஸ்வரி


கோச்சடை
13 ஜூன் 2025

முனீஸ்,

12:43 பற்றி நீ எழுதியதற்குப் பதில் சொல்ல இரண்டு நாள் ஆனது. வேறு ஏதாவது சாக்குச் சொல்ல முடியுமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன், அதனால்தான்.

அந்த நிமிஷம் நான் கரையில் கருவேல மரத்தடியில் உட்கார்ந்து தர்ப்பூசணி தின்றுகொண்டிருந்தேன். ஃபோனில் உன் மாற்றம் வந்தது. ஒட்டின விரலோடு சரி என்று அமுக்கினேன். திறந்துகூடப் பார்க்கவில்லை. அன்றைக்கு மட்டும் என்றால் வெயில் மேல் பழி போடலாம். நேற்றுக் கணக்கெடுத்தேன். உன் மாற்றங்கள் மொத்தம் இருநூற்றுப் பத்து. முதல் முப்பதை வரிவரியாகப் படித்திருக்கிறேன். அதற்கப்புறம் உன் பெயரைப் பார்த்ததுமே சரி போட்டிருக்கிறேன். முனீசு எழுதினால் தப்பாகாது என்று நினைத்தேன். அதை நட்பு என்று நினைத்துக்கொண்டேன், வெறும் சோம்பேறித்தனம் அது.

உரிமையைப் பறித்ததும் பாதுகாப்புக்காக இல்லை. நீ கிளம்பிப் போகிறாய் என்ற ஆத்திரம். போகிறவளை நிறுத்த எனக்கு வேறு வழி தெரியவில்லை, கதவைச் சாத்தினேன். அது தப்பு. மன்னித்துக்கொள்.

இவ்வளவும் சொன்னபிறகும், உன் பெயரை விட்டுவிடுகிறேன் என்று என்னால் எழுத முடியவில்லை. அந்த எண்ணை எடுத்து வைத்திருக்கிறவர்கள் எத்தனை பேர் என்று தெரியாது. வெயில் என்ற ஒற்றைச் சொல்லைப் பார்த்து யாருக்கும் ஒன்றும் புரியாது. யார், எங்கே, எதற்காக மாற்றினார்கள் என்று முழுசாகச் சொன்னால்தான் தங்கள் கோப்பைத் திறந்து பார்ப்பார்கள்.

ஓயுனாவுக்கு மதுரை எங்கே இருக்கிறது என்றே தெரியாது. "உங்கள் ஊரில் அறுபத்தைந்து டிகிரி சாதாரணமா?" என்று கேட்டிருக்கிறாள். அவள் ஊரில் குளிர்காலத்தில் மைனஸ் முப்பதாம். அவர்கள் குழுவில் பாதிப் பேர் படிப்பு முடிந்து வேலைக்குப் போய்விட்டார்கள், சாயங்காலம் கூடி இதைப் பார்க்கிறார்கள். நான்கு வருஷ உழைப்பு. நம்மைக் குறை சொல்லி ஒரு வார்த்தை எழுதவில்லை. எப்போது சரியாகும் என்று மட்டும் கேட்கிறார்கள்.

மின்சாரம் ஏறி இறங்குவதால் அணைகிறதோ என்று பார்த்தேன். இல்லை. கம்பிகளை மாற்றினேன். மறுபடியும் ஒரு தடவை அணைந்தது. இன்னும் இருபத்தொரு நாள்தான் இருக்கிறது. உன் மேலிடத்தில் கேட்டுப் பாரேன். கேட்பதில் என்ன போய்விடும்?

ஷெரின்


பெங்களூரு
17 ஜூன் 2025

ஷெரின்,

கேட்டேன். என்ன போய்விடும் என்றாயே, கொஞ்சம் போய்விட்டது.

என் மேலாளர் பொறுமையாகக் கேட்டார். பழைய நண்பர்களுக்கு ஒரு சந்தேகம், ஒரு பக்கம் எழுதிக் கொடுத்தால் போதும் என்றேன். சட்டப் பிரிவுக்கு அனுப்பினார். மறுநாளே பதில் வந்துவிட்டது: கூடாது. அதோடு, நீங்கள் கேட்டதும் நாங்கள் மறுத்ததும் பதிவாகியிருக்கிறது, இதற்குமேல் ஏதாவது நடந்தால் தெரியாமல் நடந்தது என்று சொல்ல முடியாது என்று இரண்டு வரி. நம் நிறுவனம் வெளியாரின் இலவச மென்பொருள் எதையும் தொடுவதில்லை, நீங்களும் அந்தப் பழக்கத்தை விடுங்கள் என்று மேலாளர் தனியாக வேறு அறிவுரை சொன்னார்.

இருநூற்றுப் பத்தில் முப்பது என்று நீ எழுதியதைப் படித்தபோது கோபம் வரவில்லை. நீ படிக்கிறாய் என்ற தைரியத்தில்தான் நான் கண்ணை மூடிக்கொண்டு எழுதிக்கொண்டிருந்தேன்.

மன்னிப்புக் கேட்டது சரி. என்னால் முடியாது, ஷெரின். பட்டியல் வர இன்னும் பதிமூன்று நாள். என்னை விட்டுவிடு.

முனீஸ்


கோச்சடை
21 ஜூன் 2025

முனீஸ்,

இன்றைக்குக் கீழக்குயில்குடிக்கு உன் வீட்டுக்குப் போயிருந்தேன். உன்னிடம் கேட்காமல் போனதற்குத் திட்டிக்கொள். பழைய நோட்டு ஏதாவது கிடக்குமா, காவல் சிப்பைப் பற்றி அதில் நான்கு வரியாவது கிறுக்கியிருப்பாயா என்று பார்க்கப் போனேன்.

உன் அப்பா வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "வாம்மா. எம்புட்டு நாளாச்சு. சண்டை முனீசு கூடத்தான, எங்க கூடவுமா?" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. நோட்டு என்றதும் சிரித்துவிட்டார். "எம் மக எழுதி வைக்கிற ஆளா? வீட்டுச் சாவிய எங்க வச்சிருக்கேன்னு ஃபோன் போட்டுத்தான் சொல்லுவா."

உன் அம்மா இரண்டு அட்டைப்பெட்டியை இறக்கிக் கொட்டினார். ரெக்கார்டு நோட்டுகள், ஒரு வோல்ட் மீட்டர், காது அறுந்த ஹெட்ஃபோன். "நெலாவுல வண்டி ஓட்டப் போறாளாம். இங்க எக்ஸெல் வண்டிய ஓட்டுடீன்னா வேலியில கொண்டுபோய் விட்டவ" என்றார். சொல்லும்போது அவர் முகத்தில் அம்புட்டுப் பெருமை. பக்கத்து வீட்டுக்காரர்களுக்கெல்லாம் சொல்லிவைத்திருக்கிறார். நம் ரோவர் மாட்டுக்கொட்டத்தில் இருக்கிறது, அதன்மேல் கோழி முட்டையிட்டிருக்கிறது. நோட்டு எதுவும் கிடைக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் ஒரு முடிவுக்கு வந்தேன். உன் அம்மா சொல்லி வைத்திருக்கிற அந்த வண்டியை உன்னிடமிருந்து நான் பிடுங்கப்போவதில்லை. புதன்கிழமை அறிவிப்பு வரும். அதில் ஒரே பெயர்தான் இருக்கும், என் பெயர். படிக்காமல் சரி என்று சொன்னவள் நான், ஆகவே உள்ளே விட்டவள் நான். இதில் பொய் ஒன்றும் இல்லை. கல்லூரியில் என்ன சொல்வார்களோ தெரியாது, மாணவர்கள் சிரிப்பார்கள். பார்த்துக்கொள்ளலாம்.

செயற்கைக்கோள் விஷயத்தில், காரணம் தெரியாமலே ஏற்றச் சொல்லப்போகிறேன். இதுவரை பதினெட்டு முயற்சியில் ஐந்து தடவை அணைந்திருக்கிறது. ஒன்றும் செய்யாமல் விட்டால் நிச்சயமாகப் போய்விடும், ஏற்றினால் பதின்மூன்றுக்கு ஐந்து. ஓயுனாவிடம் இந்தக் கணக்கை அப்படியே சொல்லிவிட்டேன். ஏற்றிப் பார்க்கலாம் என்கிறாள்.

உன்னை இனிமேல் தொந்தரவு செய்யமாட்டேன். பட்டியலில் உன் பெயர் வரட்டும். மனசாரச் சொல்கிறேன்.

ஷெரின்


பெங்களூரு
23 ஜூன் 2025

ஷெரின்,

ஏற்றாதே. முதலில் ஓயுனாவுக்கு எழுதி அவளை நிறுத்திவிட்டு அப்புறம் மிச்சத்தைப் படி.

காவல் சிப்பு சாதாரணமாக எல்லையைத் தாண்டினால் சார்ஜை மட்டும்தான் நிறுத்தும். புது எல்லையை வாங்கிக்கொள்கிற அந்த ஒரு நொடியில் மட்டும் வேறு மாதிரி நடந்துகொள்ளும். அப்போது பேட்டரியின் சூடு புது எல்லைக்கு மேலே இருந்தால், தீப்பிடித்துவிட்டது என்று நினைத்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். ரோவருக்காக நான் அப்படி எழுதினேன். தீப்பிடித்தால் பக்கத்தில் நாம் நிற்போம், கையால் திரும்பப் போட்டுக்கொள்ளலாம் என்று நினைத்தேன். இது விண்வெளிக்குப் போகும் என்று அன்றைக்கு யார் கண்டது?

கண்மாயில் புது எண்ணை நான் காலை ஆறு மணிக்கே ஏற்றிவிடுவேன். நீ பத்து மணி பஸ்ஸில் வருவாய், அதனால் உனக்குத் தெரியாது. வெயில் என்று எழுதின அன்றைக்கு மட்டும்தான் நடுப்பகலில் ஏற்றினேன், அன்று எல்லையை மேலே தூக்கியதால் அணையவில்லை. உன் ஆய்வகத்தில் அணைந்த ஐந்து தடவையும் போர்டு வெகுநேரம் ஓடிச் சூடாக இருந்திருக்கும். அந்த அறையின் ஏசி இந்த ஜென்மத்தில் ஓடாது என்று எனக்குத் தெரியும். கையை வைத்துப் பார், நான் சொல்வது சரியா என்று.

ஆகவே செயற்கைக்கோள் பூமியின் நிழலிலிருந்து வெளியே வருகிற நிமிஷத்தில் ஏற்றச் சொல். பேட்டரி அப்போதுதான் மிகக் குளிர்ச்சியாக இருக்கும். சூடு இருபதுக்குக் கீழே இருப்பதைப் பார்த்துவிட்டு ஏற்றவேண்டும். ஜூலை நான்குக்கு அப்புறம் நிழலே கிடையாது, அப்போது ஏற்றினால் உன் கையாலேயே கொன்றதாக ஆகும். நீ சொன்ன பதின்மூன்றுக்கு ஐந்தெல்லாம் கணக்கே இல்லை. குளிரில் ஏற்றினால் எத்தனை தடவை ஏற்றினாலும் ஏறும்.

இனி என் கோபம். என் தப்பைத் தூக்கிச் சுமக்க உன்னை யார் கேட்டது? உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் நிம்மதியாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன். சோறு இறங்கியது. அப்புறம் என்மேலேயே எனக்கு அருவருப்பு வந்தது. அந்த எண்ணை எழுதியவள் நான். நீ பெருந்தன்மையாக என் பெயரை அழித்தால், இருநூற்றுப் பத்தையும் எழுதியவள் இல்லாத ஆளாகிவிடுவாள். உரிமையைப் பிடுங்கியதைவிட இது பெரிய பிடுங்கல். விடமாட்டேன்.

அறிவிப்பை நானே எழுதினேன். இன்று காலை ஒன்பது மணிக்குத் தாக்கலின் பொது மடல் குழுவில் போட்டுவிட்டேன், அதில் எழுத யாருடைய அனுமதியும் வேண்டாம். என்ன எண், எந்த ஊர் வெயில், ஏன் மாற்றினேன், ஏன் திருப்பவில்லை, எப்படி ஏற்றவேண்டும், எல்லாம் இருக்கிறது. காவல் சிப்பின் நிரலையும் நினைவிலிருந்து முழுக்கத் திரும்ப எழுதி அதோடு போட்டேன். சனி ஞாயிறு இரண்டு நாளும் அதுதான் வேலை. கீழே என் முழுப்பெயர். படிக்காமல் சரி சொன்னவர் என்று உன் பெயரையும் போட்டிருக்கிறேன், நீ சொன்னபடியே.

போடுவதற்கு முன்பே மேலாளரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். ஒளிந்து செய்யப் பிடிக்கவில்லை. மூன்று மணிக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிறேன்.

முனீஸ்வரி


கோச்சடை
10 ஜூலை 2025

முனீசு,

இத்தனை நாள் எழுதாமல் இருந்ததற்குக் காரணம், பாதிக் கதையை உனக்குச் சொல்ல மனம் வராததுதான். நீ அனுப்பிய ஒற்றை வரி, 'பட்டியலில் நான் இல்லை', என் மேஜையில் பத்து நாளாகத் திறந்தபடி இருக்கிறது. இன்றைக்கு எழுத ஒரு விஷயம் கிடைத்திருக்கிறது.

ஜூன் இருபத்தேழு அன்று ஏற்றினார்கள். நம் நேரத்தில் காலை ஒன்பது நாற்பது. நான் கல்லூரிக்கு விடுப்புச் சொல்லிவிட்டு வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்திருந்தேன். நிழலிலிருந்து வெளியே வந்தபோது பேட்டரி ஒன்பது டிகிரி. ஏற்று என்று ஓயுனா சொன்னாள். அனுப்பியதற்குப் பதில் வருவதற்குள் செயற்கைக்கோள் அவர்கள் அடிவானத்தைத் தாண்டிவிட்டது. அடுத்த சுற்றுக்கு ஒன்றரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். அப்பா பேப்பரை விரித்து வைத்துக்கொண்டு ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னம்மா, சத்தத்தையே காணோம்?" என்று நான்கு தடவை கேட்டுவிட்டார். பதினொன்றே காலுக்கு வந்தது. போர்டு உயிரோடு இருக்கிறது, எல்லை நாற்பத்தைந்து. கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொண்டே அழுதேன்.

அதற்கப்புறம் ஆறு நாள் முழு வெயில் நேற்றோடு முடிந்தது. பேட்டரி நாற்பத்தைந்தைத் தொட்டதும் சார்ஜ் நிற்கும், கொஞ்சம் ஆறினதும் திரும்ப ஏறும். இப்படிப் பத்தொன்பது தடவை நின்று நின்று பிழைத்திருக்கிறது. நேற்று ஒரு புல்வெளிப் படத்தை அனுப்பியிருக்கிறார்கள். ஒரு மூலையில் மேகம். மேலே இருந்து பார்த்தால் நம் கண்மாய் மாதிரியேதான் மொட்டையாக இருக்கிறது.

உன் அறிவிப்பைப் பார்த்துவிட்டு இதுவரை பதினொரு குழுக்கள் எழுதியிருக்கின்றன. எல்லாரிடமும் அறுபத்தைந்து. அதில் மூன்று இன்னும் மேலே போகவே இல்லை. யாரும் சிரிக்கவில்லை, முனீசு. ஒருவர் மட்டும் மதுரை வெயிலைப் பற்றிக் கேலியாக எழுதியிருந்தார், அவருக்கு மே மாதம் வந்து பாருங்கள் என்று பதில் போட்டேன்.

பட்டியல் போனதைப் பற்றி ஆறுதலாக எதுவும் எழுத எனக்கு வரவில்லை. உன்னைக் கேட்டுக் கேட்டுக் கொண்டுவந்து அந்த இடத்தில் நிறுத்தியவள் நான். அது எனக்குத் தெரியும்.

உன் உரிமையை நீ அறிவிப்புப் போட்ட அன்றைக்கே திரும்பப் போட்டுவிட்டேன். உள்ளே வருவதும் வராததும் உன் இஷ்டம்.

ஷெரின்


பெங்களூரு
15 ஜூலை 2025

ஷெரின்,

இதை உட்கார்ந்து நிதானமாகப் படி.

பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு என்னைச் சோதனைப் பிரிவில் ஒரு மூலை மேஜையில் போட்டிருந்தார்கள். தாள்களை அடுக்குகிற வேலை. வெள்ளிக்கிழமை பேட்டரிப் பிரிவில் இருக்கிற தமிழ்வாணி என் மேஜைக்கு வந்தாள். உசிலம்பட்டிப் பிள்ளை. யாரும் பார்க்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் குனிந்தாள். "அக்கா, நீங்க போட்ட அறிவிப்ப வாசிச்சேன். சும்மா நம்ம வண்டியோட கோப்பத் தொறந்து பாத்தேன். நம்மகிட்டயும் அறுபத்தஞ்சுதான் இருக்கு."

நிலவுக்குப் போகிற வண்டியில். அவள் கணினியில் போய்ப் பார்த்தேன். அது தாக்கலின் கோப்பேதான், ஷெரின். வரிக்கு வரி, இடைவெளிக்கு இடைவெளி நம்முடையது. மேலே இருந்த நம் இருவர் பெயரை மட்டும் வெட்டியிருக்கிறார்கள். நான் சேர்வதற்கு ஆறு மாதம் முன்பே யாரோ கொண்டுவந்து வைத்திருக்கிறார்கள். ஓட்டுகிறவர்களுக்கு அந்தப் பக்கம் போக அனுமதி கிடையாது என்பதால் நான் பார்த்ததே இல்லை. வெளியாருடையதைத் தொடுவதில்லை என்று எனக்கு அறிவுரை சொன்னார்களே, அவர்கள்தான். நிலவில் பகல் வந்தால் தரை நூறு டிகிரிக்கு மேலே போகும். முதல் பகலிலேயே பேட்டரி போயிருக்கும்.

தமிழ்வாணி அன்றே முறைப்படி எழுதிக் கொடுத்துவிட்டாள். நேற்று மேலாளர் என்னைக் கூப்பிட்டார். டீ வரவழைத்தார். சத்தமில்லாமல் உள்ளேயே சரிசெய்து கொடுங்கள், காவல் சிப்பு உங்களுக்குத்தான் தெரியும் என்றார். ஓட்டுநர் பட்டியலை மறுபடி பார்க்கலாம் என்றார். இரண்டு நிபந்தனை. எங்கள் கோப்பில் இது இருந்தது என்று வெளியே சொல்லக்கூடாது. தாக்கலுக்கு இனி ஒரு வரியும் எழுதக்கூடாது. தாளை என் பக்கம் நகர்த்தி வைத்தார்.

உனக்கு எதையும் மறைக்கவில்லை. அந்தத் தாளை ஒரு மணி நேரம் கையில் வைத்திருந்தேன். கேண்டீனில் உட்கார்ந்து தயிர்சாதத்தைப் பிசைந்துகொண்டே நாற்காலியை நினைத்தேன். எம்புட்டு ஆசை என்று உனக்குத் தெரியும். கழிப்பறையில் போய் அழுதேன். அப்புறம் முகத்தைக் கழுவிக்கொண்டு அவர் அறைக்குப் போனேன்.

திருத்தம் மூன்று வாரமாகப் பொதுவில் கிடக்கிறது என்று சொன்னேன். மங்கோலியாக்காரர்கள் எடுத்த இடத்திலேயே நீங்களும் எடுத்துக்கொள்ளலாம், யாரையும் கேட்கவேண்டாம். வெட்டின பெயர்களை மட்டும் திரும்ப வையுங்கள், அதுதான் அதற்கு விலை. உள்ளேயே பூட்டிவைப்பதற்காக இன்னொரு தடவை எழுதித் தரமாட்டேன். "அப்ப அந்த சீட்டு?" என்று கேட்டார். வேறு யாருக்காவது கொடுங்கள் என்று சொல்லும்போது என் குரல் உடைந்துவிட்டது. அவர் பார்த்தார், பரவாயில்லை. ராஜினாமாக் கடிதத்தையும் கையோடு கொடுத்துவிட்டேன்.

இன்று மதியம் தமிழ்வாணி ஃபோன் செய்தாள். பொதுவில் இருந்ததையே எடுத்து வைத்துவிட்டார்களாம். பெயரோடு. வண்டி செப்டம்பரில் கிளம்புகிறது.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். "நீ ஓட்டலையா, அப்ப அது எதுக்கு நெலாவுக்குப் போகுது?" என்றார். எனக்கும் அதைச் சொல்லச் சொல்ல இன்னும் வலிக்கிறது. அந்த வண்டியை நான் ஓட்டப்போவதில்லை. ஆனால் அங்கே முதல் பகலில் பேட்டரி கொதிக்கத் தொடங்கும்போது, யார் ஓட்டினாலும், அதை நிறுத்தப்போவது நான் எழுதியதுதான்.

முனீஸ்வரி